பூச்சி அரிக்கும் ஞானஸ்நானப் புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வடஆற்காட்டின் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்களில்) விழா நடக்கும் போதெல்லாம் ஒரு மலர் வெளியாகிறது. பங்கின் வரலாறு என்ற தலைப்பில் அதில் பெரும்பாலும் இருப்பது பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியலும், எந்தக் கட்டடத்தை எவர் எழுப்பினார் என்ற குறிப்பும்தான். போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மலருக்குப் பக்கங்கள் எழுதித் தந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், விடுபட்டுப் போனதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

தகவல் தேடிப் போன இடத்தில், பங்கு இல்லத்து மர அலமாரியில் இருந்த ஞானஸ்நானப் புத்தகங்களை, அதாவது திருமுழுக்குப் பதிவேடுகளை, முதன்முறையாகப் புரட்டிப் பார்த்தேன். பதிவுகள் எல்லாம் இலத்தீனில் இருந்தன. என் பாட்டனாரின் பெயரை இரண்டு நாள் தேடியும் காணவில்லை. ஊரெல்லாம் இராயப்பன் என்று கூப்பிட்ட அவர் அந்தத் தாளில், அதே புனிதரின் இலத்தீன் பெயரான 'பேத்ருஸ்' ஆக இருந்தார். சின்னப்பன் என்றால் பவுலுஸ், அருளப்பன் என்றால் யோவான்னெஸ் என்பது பிடிபட்ட பிறகு புத்தகம் தானே பேசத் தொடங்கியது. பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தாய் தந்தையர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் சாமியாரின் கையொப்பம் என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு குடும்பமே அடங்கியிருந்தது. சில பதிவுகளின் ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில், இந்தப் பெண் இன்ன ஊரில் இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்ற குறிப்பும் இருந்தது. திருமணத்தை ஞானஸ்நானப் புத்தகத்திலும் பதிய வேண்டும் என்ற திருச்சபை விதி 1908ஆம் ஆண்டு ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்ததன் பலன் அது. பட்டாவும் பத்திரமும் இல்லாத, கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் பாட்டிமார்களின் பெயர் எழுத்தில் ஏறிய இடம் அது ஒன்றுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இயேசு சபையின் கர்நாடக மிஷனில் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) இருந்த இந்தப் பகுதி, அந்தச் சபை 1773-இல் கலைக்கப்பட்ட பின் பிரெஞ்சுக் குருக்களான பாரிஸ் வேதபோதக சபையார் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டை நடுவாக வைத்து உழைத்த, அந்தச் சபையைச் சேர்ந்த தரஸ் சாமியாரின் பெயரை இன்றும் எங்கள் ஊர்களில் பெரியவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி, ஊர் ஊராக மக்கள் திருச்சபைக்கு வந்த காலம் அவருடையது. பிறகு சலேசிய சபைத் துறவிகள் வந்தார்கள்; 1952-இல் வேலூர் மறைமாவட்டம், அதாவது ஆயர் (பிஷப்) ஒருவரின் ஆளுகைப் பகுதி, உருவாயிற்று. இவையெல்லாம் நூல்களில் உள்ளன; மிஷனரிமார் அனுப்பிய கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் பாரிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்த அறிக்கைகளில் வெறும் எண்ணிக்கையாக வரும் மக்கள், பெயரோடும் ஊரோடும் இருப்பது இங்குள்ள பதிவேடுகளில்தான்.

உபதேசியார்களையும் அங்குதான் பார்க்க முடிகிறது. சாமியார் எப்போதோ ஒருமுறை வந்துபோன கிளைக் கிராமங்களில் செப மந்திரம் சொல்லிக் கொடுத்தவர்களும், சாகக் கிடந்த குழந்தைக்குத் தாமே தண்ணீர் வார்த்து அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் அவர்களே. நான் பார்த்த புத்தகத்தில் ஒரே உபதேசியாரின் பெயர் பதிவுக்குப் பதிவு வருகிறது. எங்கள் மலரில் அவருக்கு ஒரு வரி கூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அந்தப் புத்தகங்களின் இன்றைய நிலையே இக்கடிதத்தை எழுத வைத்தது. மழைக்காலத்தில் கூரை ஒழுகியதில் ஒரு தொகுதியின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்னொன்றை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. கிழிந்த பக்கங்களில் யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டிய செலோ டேப், காய்ந்து பழுப்பேறி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருகிறது. குறிப்பிட்ட எவரையும் நான் குறை சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுதலாகிப் போகும் பங்குத்தந்தையருக்கு ஆயிரம் வேலைகள். ஆனாலும் பங்குதோறும் ஆவணக் காப்பிடம் இருக்க வேண்டும், பழைய பதிவேடுகளைக் கவனமாகப் பேண வேண்டும், ஆயரோ அவருடைய பிரதிநிதியோ பங்கைச் சந்திக்க வரும்போது அவற்றைப் பார்வையிட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. புதிதாக எதையும் நான் கேட்கவில்லை.

மறைமாவட்டம் பங்குதோறும் இரண்டு இளைஞர்களைப் பழக்கி, பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியைப் பங்கிலும் மறுபடியை ஆயர் இல்லத்திலும் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். புத்தகத்தை அமுக்காமல், மேலிருந்து நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் சாதாரண கைபேசியே இதற்குப் போதும். உயிரோடிருப்பவர்களின் விவரங்கள் வெளியார் கைக்குப் போகாதபடி, நூறாண்டு கடந்த பதிவுகளை மட்டும் ஆய்வாளர்களுக்குக் காட்டலாம். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிப்பது நம்மால் ஆகாத வேலை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தாரிடம் யோசனை கேட்கும் வரை அவற்றை யாரும் தொடாமல் இருப்பதே நல்லது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்த அலமாரிகளையாவது ஒழுகாத அறைக்கு மாற்றிவிடுமாறு ஒவ்வொரு பங்குப் பேரவையையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
போளூர் வட்டம்.