முகம் வேண்டாம், பெயர் போடுங்கள்

சிலைக் குழுப் பெரியோர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கப்பலில் கூலிகளாக வந்த நம் முன்னோருக்கு நீங்கள் வைக்கப்போகும் சிலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் களிமண் மாதிரியின் துணியை விலக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். தலைப்பாகைக்காரரின் நெற்றியில் திருநீறா, நாமமா என்று ஆரம்பித்தது. தெலுங்குக்காரர்கள் கோபித்தார்கள். முஸ்லிம் பெரியவர் ஒருவர் பேசாமல் எழுந்து போனார். இந்த மண்ணின் சுலு மக்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

அப்புறம் காவடி வந்தது. கோயில் அடுப்படியில் முப்பது வருஷமாக என் அம்மாவும் எதிர்வீட்டுத் தெலுங்கு அக்காவும்தான் காய் நறுக்குவார்கள். பூசணியை அக்கா பிடித்துக்கொள்ள, அம்மா கத்தியை இறக்குவார். இந்த வருஷம் அக்கா வரவில்லை. பூசணி உருண்டு உருண்டு ஓடியது. கடைசியில் அம்மா அதை அப்படியே மூலையில் வைத்துவிட்டார். அன்றைக்குப் பூசணிக் கறி இல்லை. ஏன் என்று சாப்பிட வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

1860 நவம்பர் 16இல் 342 பேரோடு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது, அதனால் தமிழ் முகம்தான் வேண்டும் என்கிறார்கள் எங்கள் ஆட்கள். அந்தக் கப்பலிலேயே தெலுங்கர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பத்தே நாளில் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் என்ற இன்னொரு கப்பல் வந்து சேர்ந்தது. 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் எந்த மூக்கைச் செதுக்கப் போகிறீர்கள்?

கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. ஆளின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் அதில் உண்டு. அதைக் கல்லில் வெட்டுங்கள். முகம் வேண்டாம், பெயர் போடுங்கள். (சாதி என்றொரு பத்தியும் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடுங்கள், இருக்கிற சண்டை போதும்.)

2010இல் டர்பன் விமான நிலையத்தில் சுலு மன்னர் ஷாகாவை மாடுகளோடு சிலையாக நிறுத்தினார்கள். மாடு மேய்ப்பவர் மாதிரி இருக்கிறார் என்று அரச குடும்பம் வருந்தியது, சில வாரங்களில் சிலை போய்விட்டது. ஒரு மன்னருக்கே இந்தக் கதி. கூலிகளுக்கு மட்டும் ஒரே வரைபடத்தில் சரியாக வந்துவிடும் என்று நம்புகிற உங்கள் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான்: வார்ப்பு வேலையை நிறுத்திவிட்டு, பெயர்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டுங்கள். அறிவிப்பு சுலு மொழியிலும் வரட்டும். தேதியைப் போன தடவை போல முந்தின நாள் இரவில் சொல்லாமல், இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். அக்காவை நானே போய் அழைக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு கொள்ளுப்பேத்தி,
சாட்ஸ்வொர்த்