பனைக்கும் வேம்புக்கும் இடையில் ஒரு வயர்

அன்புள்ள மருமகளுக்கு,

"கையில வாட்ஸ்அப் இருக்க, இந்த வயரோட ஏன் மாமா மினக்கெடுறியள்?" என்று போன மாதம் கேட்டாய். சிரித்துச் சமாளித்தேன். இப்போது நீயே "இந்த ஹாம் றேடியோவை எனக்கும் பழக்கிவிடுங்கோ" என்கிறாய். ஹாம் என்றால், அனுமதி பெற்றுப் பொழுதுபோக்காக றேடியோவில் ஒருவரோடொருவர் பேசுகிறவர். சரி, ஒழுங்காகவே எழுதுகிறேன்.

முதலில் கேட்கத்தான் வேண்டும். எஸ்.எஸ்.பி. (ஹாம்காரர் தங்கள் பேச்சை அனுப்புகிற முறை) பிடிக்கிற சிற்றலை றேடியோ ஒன்று வாங்கு. அது இல்லாத றேடியோவில் ஹாம்காரர் கதைப்பது வாத்துக் கத்துவது போலக் கேட்கும். ஏரியலுக்குச் சாதாரண மின்வயர் போதும். கணக்கும் லேசு: 143ஐ நீ கேட்கப்போகிற அலைவரிசையின் மெகாஹேர்ட்ஸால் பிரி, வயரின் நீளம் மீற்றரில் வரும். 7.1 என்றால் ஏறத்தாழ 20 மீற்றர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீற்றராகப் பனைக்கும் வேம்புக்கும் இழுத்துக் கட்டி, வெட்டிய இடத்திலிருந்து கொக்ஸ் வயரை (ரீவி ஏரியலுக்குப் போடுகிற மாதிரி வயர்) றேடியோவுக்கு இறக்கினால் முடிந்தது. கொழும்பில் மாடிவீட்டுக்காரருக்கு இவ்வளவு வளவு எங்கே கிடைக்கப்போகிறது? அங்கே மலிவு எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் போடுகிற இரைச்சலே காதை அடைக்கும். எங்கள் பக்கம் கரண்ட் நின்ற இரவென்றால் எனக்குத் திருவிழா. பற்றரியில் றேடியோவைப் போட்டால் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

காலையில் 7 மெகாஹேர்ட்ஸில் தமிழ்நாட்டுக்காரர் தமிழிலேயே நலம் விசாரிப்பார்கள். பகலில் அயனமண்டலத்தின் (உயர வானத்தில் இருக்கிற மின்னேறிய காற்றுப்படை) கீழ்த்தட்டு அலையை விழுங்கிவிடும். தூரத்துக் குரல் வராது. பொழுதுபட்டதும் அந்தத் தட்டு கரைந்துவிடும். அப்புறம் அலை மேல்தட்டில் பட்டுத் திரும்பி வரும். இந்தோனேசியாக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதைக்கிற மாதிரி இருக்கும்.

அம்மாவிடம் கேட்டுப் பார். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம். நானும் அக்காவும் மாறி மாறிச் சுற்றுவோம். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மங்கும். அப்பா ஏசுவார்.

அதே அக்காதான் நான் ஏரியல் கட்டியதும் பயந்துபோனாள். வோக்கி, ஏரியல் என்றால் இங்கே ஆட்களுக்கு வேறு நினைவுகள் வரும். பிழை சொல்ல முடியாது. ஆகவே அயலுக்கு முன்கூட்டியே சொல்லிவை. கேட்பதோடு நில். பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும். கிடைத்தால் உன் அழைப்புக்குறி (வானலையில் உன் பெயர் மாதிரி) 4எஸ்7 என்று தொடங்கும். அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும் இலங்கை என்று உலகமெங்கும் தெரிந்துகொள்வார்கள்.

வாட்ஸ்அப் கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் அந்தமானில், போர்ட் பிளேயரில், நிலையம் போட்டிருந்தார். தூர நாட்டு ஹாம்களோடு பேசுகிற பொழுதுபோக்குக்காகப் போனவர். சுனாமி அடித்துத் தொடர்பெல்லாம் அறுந்தபோது, தீவுகளிலிருந்து செய்தி கடத்தியது அவரும் கூட்டாளிகளும்தான்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்குமுன் வயரைக் கழற்றி, நுனியை வீட்டுக்கு வெளியே போட்டுவிடு. சோம்பல்பட்டுத் தூங்கி என் முதல் றேடியோவைக் கருக்கியவன் சொல்கிறேன்.

சனிக்கிழமை வா. பனையில் ஏற ஆள் பிடித்துவைக்கிறேன். அந்தப் பழைய டைனமோ அக்காவிடம் இன்னும் கிடந்தால் அதையும் கொண்டு வா.

73 (ஹாம்காரர் வாழ்த்துச் சொல்வது இப்படித்தான்),
மாமா