நாற்பது தண்டால் யாருடைய அளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நடுவயதினருக்கான உடற்பயிற்சிக் கட்டுரை படித்தேன். ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், நம் உடம்பின் எடையே போதும் என்று தொடங்கியது நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு கட்டம் கட்டி, ஒரே மாதத்தில் நாற்பது தண்டால், நூறு பஸ்கி, இரண்டு நிமிடம் பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) என்று எல்லாருக்கும் ஒரே இலக்கைப் போட்டிருந்தீர்கள். எனக்கு வயது 51. ஒட்டன்சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட் கொடுக்காமல் ‘சும்மா பொதுவா தைச்சிடுங்கக்கா’ என்று யாராவது துணியை நீட்டினால் நான் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. அந்தக் கட்டமும் அப்படித்தான் இருந்தது.

அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று என் மகள் தேடிக் கொடுத்தாள். அமெரிக்காவில் 1,104 தீயணைப்பு வீரர்களைப் பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு, 2019-ல் வெளியானது. நாற்பதுக்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, பத்துகூட எடுக்க முடியாதவர்களைவிட இதய நோய் மிகக் குறைவாக வந்தது. சரி, நல்ல செய்திதான். ஆனால் அத்தனை பேரும் ஆண்கள். சராசரி வயது நாற்பதை ஒட்டி. ஏணி ஏறிக் குழாய் தூக்கிப் பிழைப்பவர்கள். பெண்களுக்கும், உடம்பு அசையாத வேலை பார்ப்பவர்களுக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்று ஆய்வு செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வந்து சேரும்போது அந்த வரி மட்டும் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

பயிற்சி வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் அளவு நோட்டைப் பார்த்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள். ஒரே வாடிக்கையாளருக்கு இருபது வருட அளவு அதில் இருக்கிறது. நாற்பத்தைந்து தாண்டியதும் இடுப்புச் சுற்றளவு கூடுவது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் பார்ப்பது வேறு ஒன்று. முன் உயரம் குறைந்து முதுகு உயரம் கூடிக்கொண்டே வரும். அதாவது தோள் முன்னால் விழுந்து முதுகு வளைகிறது. பழைய அளவுக்கே வெட்டினால் ஜாக்கெட் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். ‘தையல் சரியில்லை’ என்று பேச்சு கேட்பது நான்தான்!

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்கிறார்கள். மாதவிடாய் நின்ற பின் வரும் சில ஆண்டுகளில் பெண்களுக்கு எலும்பும் வேகமாக வலுவிழக்கும். ‘நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே’ என்று பலரும் சொல்கிறார்கள். நம் அரசும் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல காரியம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு பாதி உண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பு ஒரு பாதி. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இன்னொரு பாதி. முதல் பாதிதான் ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

இலக்கு என்று வைத்தால் எண்ணிக்கையிலிருந்து தொடங்கக் கூடாது, உடம்பால் இப்போது என்ன முடியவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. என் பட்டியலில் முதலில் இருப்பது தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. கல்யாணப் பந்தி எல்லாம் மேசைக்கு மாறிவிட்டதால் இது போனதே பலருக்குத் தெரிவதில்லை. ஏதாவது பூஜைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு எழும்போதுதான் பக்கத்தில் இருப்பவர் தோள் தேவைப்படுகிறது.

இதற்கு நான் பிடித்த வழி உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுவது. அது சுலபமானதும் முக்காலி. அப்புறம் மணை. மணைமேல் வெட்டுத்துணி மூட்டையை வைத்து, வாரம் போகப்போக மூட்டையைச் சிறிதாக்கினேன். பன்னிரண்டு முறை தடுமாறாமல், இன்னும் இரண்டு எழலாம் என்ற தெம்போடு முடிந்தால்தான் அடுத்த உயரம். நாளுக்கு நாள் கூட்டும் கணக்கு வேண்டாம். தசை சீக்கிரம் பழகிவிடும்; அதை எலும்போடு பிணைக்கும் நாண் மெதுவாகத்தான் பழகும். இந்த வயதில் முட்டியும் தோளும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த அவசரத்தால்தான். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஓய்வு என்று வைத்திருக்கிறேன். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணம் இப்போது பிள்ளையாருக்காக மட்டும் இல்லை.

தண்டாலுக்கு வருகிறேன். கட்டுரையில் என்னை எழுத வைத்ததே அதுதான். தரையில் எடுக்கும் தண்டாலில் உடம்பு எடையில் சுமார் 64 சதவீதம் கையில் இறங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். முட்டியை ஊன்றி எடுத்தால் 49. இரண்டடி உயரத்தில் கையை வைத்தால் 41. என் எடை 62 கிலோ. தரை என்றால் கிட்டத்தட்ட நாற்பது கிலோ, எங்கள் வீட்டுத் திண்ணை என்றால் இருபத்தைந்து. ஒரே தண்டால்தான், கை வைக்கும் இடம் மாறினால் பதினைந்து கிலோ வித்தியாசம். இதைச் சொல்லாமல் நாற்பது என்று மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்? சுவரில் தொடங்கி, சமையல் மேடை, திண்ணை, கட்டில் சட்டம், வாசற்படி என்று வீட்டிலேயே இத்தனை படி இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம், வழுக்கிவிடும். நைட்டியோ சுடிதாரோ எதுவானாலும் போதும், தனி உடுப்பு தேவையில்லை. மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது திடீரென்று சர்க்கரை இறங்கக்கூடும். சர்க்கரையால் கண் விழித்திரை பாதித்தவர்கள் முக்கி எடுக்கும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். இவர்கள் எல்லாம் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது இன்னொரு இலக்கு. பிரேசிலில் 51 முதல் 75 வயதுக்காரர்களைச் சோதித்ததில் ஐந்தில் ஒருவரால் முடியவில்லை என்று 2022-ல் வெளியிட்டார்கள். பல் தேய்க்கும் நேரத்தில் செய்துவிடுகிறேன். பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

வீட்டுப் பயிற்சியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தள்ளுவதற்குச் சுவர் இருக்கிறது, உட்கார்ந்து எழத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு மட்டும் எதுவும் கிடையாது. வளைந்த முதுகு நிமிர வேண்டுமென்றால் இழுக்கும் வேலைதான் வேண்டும். எங்கள் அம்மா காலத்தில் ராட்டினக் கிணறு அதைப் பார்த்துக்கொண்டது. இப்போது மோட்டார் சுவிட்ச். பூங்காவில் போய்ப் பார்த்தால் கம்பி ஏழடி உயரத்தில் நிற்கிறது. பிடித்துத் தொங்கி மேலே எழும்ப இளைஞர்களுக்கே திணறுகிறது. ஐந்தடி உயரமுள்ள நான் எட்டுவதற்கே கல் போட வேண்டும்.

இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருந்தால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு காலை முன்னால் நீட்டிச் சாய்ந்து, நெஞ்சைக் கம்பிக்கு இழுக்கலாம். கால் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு கனம். அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே கம்பியில் அவரவர் அளவுக்குச் செய்யலாம். இரண்டு தூண், ஒரு இரும்புக் குழாய், கொஞ்சம் சிமென்ட், அவ்வளவுதான் செலவு. நகராட்சிகள் பூங்காவுக்குக் கருவி வாங்கும்போது சுற்றிச் சுற்றி ஆடும் வண்ண வண்ண இயந்திரங்களோடு இதையும் சேர்க்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். பூங்கா திறந்திருக்கும் நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். காலை ஐந்து முதல் எட்டு வரை அடுப்படியில் நிற்பவர்களுக்கு அந்தப் பூங்கா இருந்தும் இல்லாததுதான்.

இன்னொரு யோசனை. 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். கையோடு நாற்காலிச் சோதனையையும் செய்யலாமே. சுவரோரம் ஒரு நாற்காலி, கை கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுகிறோம் என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே, ஆணுக்குப் பதினான்குக்குக் கீழே வந்தால் சராசரியைவிடக் குறைவு என்று கணக்கு இருக்கிறது. ஐம்பதிலேயே அந்தப் பன்னிரண்டைத் தொடாதவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று அப்போதே தெரிந்துவிடும். கைக்கடிகாரம் தவிர எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த முறை தண்டால் பற்றி எழுதுபவரிடம், கையை எந்த உயரத்தில் வைத்து என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கட்டம் கட்டுவதானால் முதல் கட்டத்தில் சுவரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
ஒட்டன்சத்திரம்.