தண்ணீர்த் துப்பாக்கி கேட்கும் பிள்ளையின் பெற்றோருக்கு

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும்,

வணக்கம்.

பனி விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீட்டில் சில மாற்றங்களைக் கவனித்திருப்பீர்கள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை கராஜ் கதவை ஒரு சாண் தூக்கிவிட்டுக் குனிந்து வெளியே பார்க்கும். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிப் போகும்போது நெற்றியில் நீச்சல் கண்ணாடி இருக்கும். கேட்டால் "சீனியர் அசாசின்" என்று பதில் வரும். பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடித் தண்ணீர் அடித்து அவுட் ஆக்கும் ஆட்டம் அது; அசாசின் என்றால் கொலையாளி. பெயரைக் கேட்டதும் பலர் "அதெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் விதித்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். ஆபத்து ஆட்டத்தின் பெயரில் இல்லை, எழுதப்படாமல் விட்ட விதிகளில் இருக்கிறது. மறுக்கப்பட்ட பிள்ளை பெரும்பாலும் ஆடாமல் இருப்பதில்லை. உங்களுக்குத் தெரியாமல் ஆடும். எங்கே போகிறது, கையில் என்ன வைத்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆட்டம் எளியது. ஒவ்வொருவருக்கும் ஒரு டார்கெட் உண்டு. அது யார் என்று அவருக்கு மட்டும் தெரியும். அவரையும் வேறொருவர் தேடிக்கொண்டிருப்பார், அது யார் என்று அவருக்குத் தெரியாது. டார்கெட் மேல் தண்ணீர் பட்டால் அவர் அவுட். அவுட் ஆனவர் தேடிக்கொண்டிருந்த ஆள் இனி அடித்தவருக்கு டார்கெட். கடைசியில் மிஞ்சும் ஒருவர் வென்றவர். 40 பேர் சேர்ந்தால் 39 பேர் அவுட் ஆகும்வரை, சுமார் ஐந்தாறு வாரம் ஓடும்.

முதல் தவறு தொடக்க நாளிலேயே நடக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொடுக்கச் சீட்டு எடுப்பதுபோல ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். 40 பேர் அப்படி எடுத்தால், ஒருவராவது தன் பெயரையே எடுக்க 100-க்கு 63 வாய்ப்பு உண்டு. அதைச் சரிசெய்தாலும் சிக்கல் தீராது. கவிதாவுக்கு ஜேசன், ஜேசனுக்குக் கவிதா என்று விழுந்துவிட்டால், ஒருவர் மற்றவரை அடித்த கணமே அவர் கையில் தன் பெயர்தான் மிஞ்சும். அவரைத் தேட யாரும் இல்லை, அவர் தேடவும் ஆள் இல்லை. வெறுமனே சீட்டு எடுத்தால் எல்லாரும் ஒரே வட்டத்துக்குள் விழ 40-க்கு 1 வாய்ப்புதான். ஆகவே சீட்டே வேண்டாம். பெயர்களை நன்றாகக் குலுக்கி வரிசையாக எழுதி, முதலாமவருக்கு இரண்டாமவர், இரண்டாமவருக்கு மூன்றாமவர், கடைசி ஆளுக்கு முதலாமவர் என்று கொடுத்தால் போதும். இந்தப் பட்டியல் ஆடாத ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். நடுவரே ஆடினால் முதல் வாரத்திலேயே நம்பிக்கை போய்விடும். பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: "லிஸ்ட் யாரிடம் இருக்கிறது? அவர் ஆடுகிறாரா?"

டார்கெட்டைப் பற்றிக் கொடுக்கும் தாளில் பெயரும் ஒரு படமும் போதும். வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், வகுப்பு அட்டவணை எதுவும் வேண்டாம். அதைக் கண்டுபிடிப்பதுதானே ஆட்டம்! இருப்பிடம் பகிரும் செயலி வைத்து ஆடும் பள்ளிகளும் இருக்கின்றன. அப்படியானால் உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது என்று யார் யாருக்குத் தெரிகிறது, ஆட்டம் முடிந்ததும் அது அணைக்கப்படுமா என்று கேளுங்கள்.

இனி துப்பாக்கி. இதில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது.

2014 நவம்பர் 22 அன்று ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த 12 வயது டாமிர் ரைஸைக் காவலர் ஒருவர் சுட்டார். கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார். அது பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட். அதன் முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறம் இல்லை. மறுநாள் அந்தப் பிள்ளை இறந்துபோனான். நிஜத் துப்பாக்கியின் சாயலில் செய்யும் பொம்மைகள் தனித்துத் தெரிய வேண்டும் என்று 1988-லேயே கூட்டரசுச் சட்டம் வந்துவிட்டது. தண்ணீர்த் துப்பாக்கியும் அதில் அடக்கம். ஆனால் வாங்கி வந்த பிறகு "கூலாக" இருக்கட்டும் என்று கறுப்பு ஸ்பிரே அடிக்கும் பிள்ளைகளை எந்தச் சட்டமும் கராஜுக்குள் வந்து தடுக்காது. நீங்கள்தான் தடுக்க வேண்டும். பழுப்பு நிறத் தோல், தலையை மூடிய ஹூடி, விடியாத நேரம், கையில் கறுப்பாக ஏதோ ஒன்று. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பவர் கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

துப்பாக்கி வடிவமே தேவையில்லை. நீச்சல் குளத்துக்கென்று பல கடைகளில், மேலே நுரைப்பஞ்சு போர்த்திய பஞ்சுக் குழாய் விற்கிறார்கள். ஒன்றரை அடி நீளம் இருக்கும். முனையைத் தண்ணீரில் வைத்துப் பின்பிடியை இழுத்தால் நீர் ஏறும், தள்ளினால் பீய்ச்சும். நம்மூர்ப் பீச்சாங்குழல்தான். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வருகிறது. தள்ளி நின்றே அடிக்கலாம், யாரும் அதை ஆயுதம் என்று நினைக்க மாட்டார்கள். எல்லாரும் இதையே வைத்து ஆட வேண்டும் என்று விதியில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே வெறும் தண்ணீர் மட்டும். சோப்பு, சாயம், பனிக்கட்டி எதுவும் கூடாது. முகத்துக்குக் குறி வைக்கக் கூடாது. தண்ணீரில் ஊறிய சிறு உருண்டைகளை எறியும் ஜெல் பிளாஸ்டர் கூடவே கூடாது, அது கண்ணைக் கெடுக்கும்.

தண்ணீரே வேண்டாம் என்று நினைக்கும் கல்லூரி விடுதிகளில் சுருட்டிய சாக்ஸை எறிந்து ஆடுகிறார்கள். 2005-ல் மேரிலாந்தின் கௌச்சர் கல்லூரியில் தொடங்கிய மனிதர்-ஜாம்பி ஆட்டத்திலும் சாக்ஸ் உண்டு. சாக்ஸ் உருண்டையைப் பார்த்து யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள்.

கல்லா மண்ணா ஆடியவர்களுக்கு அடுத்தது சட்டென்று புரியும். எங்கே நின்றால் தொடக் கூடாது என்பதுதான் ஆட்டத்தின் பாதி. பள்ளி வளாகம், பள்ளிப் பேருந்து, விளையாட்டுப் பயிற்சி, வேலையிடம், வழிபாட்டு இடம் இவை எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும். அவற்றின் பார்க்கிங் இடத்தையும் சேர்த்து எழுத வேண்டும், தகராறெல்லாம் அங்கேதான் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று: வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல, வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில் நடக்கின்றன. சனிக்கிழமையானாலும் அது பள்ளி வளாகம்தான். பொம்மைத் துப்பாக்கிக்கான அந்தப் பள்ளியின் கண்டிப்பு அங்கேயும் செல்லும். காரின் டிக்கியில்கூட வைத்துக்கொண்டு போகக் கூடாது.

வீட்டுக்குள் வர அழைப்பு வேண்டும் என்பது வழக்கமான விதி. அழைப்பது யார் என்று எழுதாமல் விடுவதுதான் வழக்கமான ஓட்டை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி கதவைத் திறப்பார். "ப்ராஜெக்ட் விஷயமா வந்தேன்" என்று நிற்கும் பையனை உள்ளே உட்காரவைத்துக் காபி கலக்கப் போவார். பிள்ளை மாடியிலிருந்து இறங்கும்போது ஹாலிலேயே நனைந்துவிடும், சோபாவும் நனையும். பாட்டிக்கு நெஞ்சு படபடக்கும். "ஆடுபவர் தானே வாயால் அழைத்தால் மட்டுமே அழைப்பு" என்று ஒரு வரி இருந்தால் இது நடக்காது. வேலி தாண்டுவது, பின்கட்டில் ஒளிவது, கதவு திறந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது எல்லாம் அத்துமீறல். செய்தவர் உடனே அவுட்.

காலை ஆறரை மணிக்குக் குப்பைத் தொட்டிக்கும் கராஜ் சுவருக்கும் நடுவில் குந்தியிருப்பது இந்த ஆட்டத்தின் பெரிய மோகம். போலீஸுக்கு அழைப்பு போவதும் அந்த நேரத்தில்தான். சூரியன் உதித்த பின், இரவு எட்டு மணி வரை என்று நேரம் கட்டுங்கள். முகமூடி கூடாது. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் உள்ளூர்க் காவல்துறையின் அவசரமில்லா எண்ணில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. 911-க்கு அல்ல.

துப்பாக்கிக்கு அடுத்து எங்களுக்குப் பயம் கார்தான். டார்கெட் காரில் தப்பும், பின்னால் இன்னொரு கார் விரட்டும். ஓட்டுவது உரிமம் வாங்கி ஓராண்டுகூட ஆகாத பிள்ளை, பக்கத்தில் இருவர் கத்திக்கொண்டிருப்பார்கள். கலிபோர்னியாவில் 18 வயது ஆகாதவர், உரிமம் வாங்கிய முதல் 12 மாதம் பெரியவர் துணையின்றி 20 வயதுக்குட்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஓட்டவே அனுமதியில்லை. விதி இப்படி இருக்கட்டும்: காருக்குள் இருப்பவரை அடிக்கவும் கூடாது, காருக்குள்ளிருந்து அடிக்கவும் கூடாது. காரைச் சுற்றிப் பத்தடியும் பாதுகாப்பு. விரட்டினால் இருவருமே அவுட். துரத்தி லாபமில்லை என்றால் யாரும் துரத்த மாட்டார்கள்.

வீட்டை விட்டே வெளிவராமல் பதுங்குபவர்களால் ஆட்டம் செத்துப்போகும். ஏழு நாளுக்குள் யாரையும் அடிக்காதவர் அவுட், அவர் டார்கெட் அவரைத் தேடியவருக்குப் போகும் என்று வைத்தால் எல்லாரும் வெளியே வருவார்கள். ஞாயிறு இரவு மிஞ்சியவர்களை மறுபடி குலுக்கிப் புது வட்டம் போடலாம். நீச்சல் கண்ணாடியோ கைமிதவையோ போட்டிருந்தால் அடிக்கக் கூடாது என்ற சலுகை அந்த வாரத்தில் ஒரு நாள் மட்டும் செல்லாது என்று அறிவித்தால் இன்னும் சூடு பிடிக்கும். நான்கு பேர் மிஞ்சியதும் ஒரு பூங்கா, ஒரு மணி நேரம் என்று குறித்து முடித்துவிடுங்கள்.

அடித்ததற்குச் சான்று, தண்ணீர் படுவது தெரியும் காணொளி. நண்பர் எடுக்கலாம், ஓட்டுநர் எடுக்கக் கூடாது. தகராறுக்கு நடுவர் 24 மணி நேரத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், இழுத்தால் குழுவில் வசைதான் வளரும். நுழைவுக் கட்டணம் தலைக்கு 5 டாலர் என்றாலும் 120 பேர் சேர்ந்தால் 600 டாலர். அதை இருவர் பார்வையில் கணக்கெழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸாப்பிலும் குறுஞ்செய்தியிலும் "நாளைக்கு உன்னைக் கொல்றேன்" என்று எழுத வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆட்டம் தெரியாத ஒருவர் கையில் அந்தத் திரைப்பிடி கிடைத்தால் அது மிரட்டல். "அவுட்", "டார்கெட்" போதும்.

இன்றிரவு சாப்பாட்டு மேசையில் விதித்தாளைக் கேளுங்கள். இல்லை என்றால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லி, மற்றப் பெற்றோர்களுக்கும் அனுப்புங்கள். பஞ்சுக் குழாயை நீங்களே வாங்கிக் கொடுங்கள், மஞ்சள் நிறத்தில்.

இப்படிக்கு,
மாணவர் ஆட்டங்களுக்கு விதி எழுதி, நடுவராக நிற்பவர்கள்