கருத்தாளராகப் போகும் தோழிக்கு

உச்சிப்புளி,
ஐப்பசி மாதம்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அண்ணனின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டாள். வாடைக்காற்று தொடங்குகிற சமயம். பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் இனி தை வரைக்கும் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். மன்னார் வளைகுடாவான தென்கடல் பக்கம் வலை விடுகிறவர்களுக்கு இது நல்ல பருவம்.

உன்னை ஒன்றிய ஆசிரியர் பயிற்சியை நடத்தும் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டார்கள். எங்கிருந்து பிடிப்பது?" என்று கேட்டிருக்கிறாய். சென்ற மாதம் எங்கள் ஒன்றியத்தில் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நான் நடத்திய பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். உன் ஊருக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்.

பாடத்திலிருந்து பிடி. கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களுக்குச் செயலி என்று சொன்னாலே வருகைப் பதிவும் மதிப்பெண் பதிவேற்றமும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சலிப்பு நியாயமானது. அவர்கள் முன்னால் இன்னொரு செயலியைத் திறந்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தால் முற்பகலிலேயே கவனம் கலைந்துவிடும். அதனால் பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டேன். இந்தக் கல்வியாண்டில் இனி நடத்தவேண்டிய பாடங்களில், பிள்ளைகள் திணறுவார்கள் என்று நீங்கள் நினைக்கும் இடம் எது? பதில்கள் அன்று இரவே வந்து குவிந்தன. ஐந்தாம் வகுப்பில் பின்னம். ஏழாம் வகுப்பில் மின்னோட்டம். ஆறாம் வகுப்பில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. இரண்டாம் வகுப்பில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பது. நிகழ்ச்சி நிரலுக்காக நான் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் செயல்பாட்டு வழிக் கற்பித்தல் கைவந்துவிட்டது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் நாம் கட்ட வேண்டும்.

அடுத்து, பள்ளி பள்ளியாகத் தொலைபேசியில் விசாரித்துவிடு. திறன்பலகை இருக்கிறதா, டிவியா, புரொஜெக்டரா, அது இன்று வேலை செய்கிறதா, வகுப்பறைக்குள் சிக்னல் வருகிறதா. எங்கள் கரையோரத்தில் இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: உப்பு ஏறிவிட்டதா? கடற்காற்று இரும்பைத் தின்பது நமக்குத் தெரிந்ததுதான். எச்டிஎம்ஐ கேபிளின் முனையிலும் யுஎஸ்பி துளையிலும் பச்சை பூத்துவிடுகிறது. திரை வரவில்லை என்றதும் பெட்டியே பழுது என்று முடிவு கட்டி மூடி வைத்துவிடுகிறார்கள். கேபிள் முனையை மெல்லிய துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மாட்டினால் பல இடங்களில் படம் வந்துவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் உறை போட்டு மூடி, கேபிளைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் நீண்ட நாள் வரும். பயிற்சியில் இதற்கு நான் கொடுத்தது கால் மணி நேரம்தான். ஆனால் ஆசிரியர்கள் அதிகமாகக் குறிப்பெடுத்தது அந்தக் கால் மணி நேரத்தில்தான். உங்கள் பக்கம் உப்பு இல்லை, கரிசல் புழுதி இருக்கும். புரொஜெக்டரின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டக் கற்றுக்கொடு.

இணையத்தை நம்பி எதையும் வைக்காதே. பாடப்புத்தகத்தில் 2018 முதல் கியூஆர் குறியீடு அச்சாகி வருகிறது, எல்லாருக்கும் தெரியும். அதன் அடியிலேயே ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றும் இருப்பதைப் பலர் கவனித்ததில்லை. கேமரா சரியில்லாத கைப்பேசியில் அதைப் பாடக் காணொளிகள் உள்ள திக்ஷா செயலியில் தட்டச்சு செய்தால் போதும். காணொளியை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு வகுப்பில் இணையம் இல்லாமல் ஓட்டலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் நடத்துகிறவர்களுக்கு மணற்கேணி என்ற பாடக் காணொளிச் செயலியையும் காட்டு. அறிவியலுக்கு நான் பெரிதும் நம்புவது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம், சில தமிழிலும் கிடைக்கின்றன.

இனி அறைக்குள் நடந்ததைச் சொல்கிறேன். இருவர் இருவராக உட்காரவைத்தேன். கருவியில் பழக்கம் உள்ளவர் பேசலாம், தொடக்கூடாது. பழக்கம் இல்லாதவர்தான் தொட வேண்டும். கருத்தாளருக்கும் இதே விதிதான். யாராவது தடுமாறும்போது டேப்லெட்டை வாங்கி நாமே சட்டென்று செய்து கொடுத்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் அவர் கற்றுக்கொள்ள வந்ததை நாம் பறித்துக்கொண்டதாக ஆகிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். "இப்போது திரையில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேள். பாதி சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

முற்பகலில் நான் இரண்டு பாடங்களை நடத்திக் காட்டினேன். பிற்பகல் முழுவதும் அவர்களுடையது. தாங்கள் அனுப்பிய சிக்கலான பாடத்தை எடுத்து, இருவர் சேர்ந்து ஒரு வகுப்புக்குத் திட்டமிட வேண்டும். அதில் ஒன்றை உனக்கு விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் எடுத்தது அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, தன் பள்ளியின் கூரைமேல் விரலை அழுத்திப் பிடித்தார். ஒரு புள்ளி விழுந்தது. தேடல் கட்டத்தில் 9.28, 79.2 என்று தொடங்கும் எண்கள் வந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள் படகில் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள். அதில் வருவது இந்த எண்தானே?" என்றார். ஆமாம், அதேதான். ஆனால் படகில் பெரும்பாலும் டிகிரி, நிமிடம் என்று வைத்திருப்பார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், உடனே பக்கத்திலிருந்த கணக்கு ஆசிரியர் 0.28ஐ 60ஆல் பெருக்கினார். 16.8. ஆகப் பள்ளி இருப்பது ஏறத்தாழ 9 டிகிரி 17 நிமிடம் வடக்கு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் நகர்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இந்தக் கணக்கை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் தினமும் தூரம் பேசுகிறார்கள். வலை போட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதும் இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பதும் இந்த எண்களை வைத்துத்தான். இவ்வளவு உயிருள்ள பாடத்தை உலக உருண்டையில் வரைந்த கற்பனைக் கோடுகள் என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த டீச்சர் போட்ட திட்டத்தில் திறன்பலகையே இல்லை. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். போகாத ஒரு நாளில் ஒரு மாணவனின் தந்தையை வகுப்புக்கு அழைப்பது, அவர் தன் கைக்கருவியைக் காட்டிப் பேசுவது, பிறகு பிள்ளைகள் தங்கள் வீடு, பள்ளி, படகுத்துறை மூன்றின் எண்களையும் கைப்பேசியில் பார்த்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுக் குறிப்பது. மூன்றாம் பருவத்தில்தான் அந்தப் பாடம் வருகிறது. அன்றைக்கு நான் விடுப்பு போட்டாவது அங்கே போய் உட்காரப் போகிறேன்.

ஓய்வுக்கு நெருங்கிய ஒரு தலைமை ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். தமிழக அரசு 2010இலேயே எந்தக் கணினியிலும் படிக்க வரும் யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாலும் பள்ளிகளின் பெட்டிகளில் பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. எழுத்துரு மாற்றியில் ஒட்டி யுனிகோடாக்குவதை அவருக்குக் காட்டினோம். பிறகு கைப்பேசியின் மைக் குறியைத் தொட்டுப் பேசச் சொன்னேன். ஒரு வினாவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எழுத்துகள் வரிசையாக வந்து விழுந்தன. ஓரிடத்தில் றகரம் ரகரமாகியிருந்தது, அதை விரலால் தொட்டுத் திருத்தினார். இடைவேளைக்குத் தேநீர் வந்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வினா, அதற்கடுத்த வினா என்று சொல்லிக்கொண்டே போனார். அவரிடம் யாரும் இனி தொழில்நுட்பத்தின் நன்மைகளைப் பட்டியலிட வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி உன்னிடமும் நிச்சயம் கேட்பார்கள். நான் செய்தது இதுதான். பவளப்பாறை பற்றி ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பத்தி எழுதச் சொல்லி, வந்ததை அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தச் சொன்னேன். மாணவர் நோட்டைத் திருத்துகிற கண்ணோடு படித்தபோது, எதை அப்படியே எடுக்கலாம், எதைச் சரிபார்க்க வேண்டும், எது இந்த வயதுக்கு ஒத்துவராது என்று அவர்களே பிரித்துவிட்டார்கள். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைக்கக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவல்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியது அதுதானே.

முடிவில் வழக்கமான பின்னூட்டப் படிவம் வேண்டாம். "பயனுள்ளதாக இருந்தது" என்று எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில் ஒரு சீட்டு கொடு: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதி. அந்தச் சீட்டுகள்தான் இப்போது என் பள்ளிப் பார்வை அட்டவணை. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள். விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி எல்லாம் சேர்ந்தாலும், பிறகு வகுப்பறைக்கு வந்து கைகொடுக்க ஒருவர் இல்லையென்றால் கற்றது வகுப்பறையை எட்டுவது அரிது. நாமும் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போனவர்கள்தானே, உனக்குத் தெரியாததா? முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பிடப் போகாதே. பின்வரிசையில் உட்கார், கேபிள் மாட்ட வேண்டுமென்றால் எழுந்துபோய் உதவு.

அப்படிப் போன ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு மின்னோட்டப் பாடம். ஆசிரியர் முதலில் உண்மையான மின்கலம், பல்பு, கம்பி மூன்றையும் கொடுத்து எரியவைக்கச் சொன்னார். இந்த வரிசை முக்கியம். கையில் எரிந்த பல்பைப் பார்த்த பிறகுதான் திரையில் ஃபெட் உருவகப்படுத்தலைத் திறந்தார். திரையில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்கின்றன. ஒரு பெண் பல்பை எடுத்துவிட்டு மின்கலத்தின் இரண்டு முனைகளையும் நேராகக் கம்பியால் இணைத்தாள். புள்ளிகள் பாய்ந்தோட, மின்கலத்தின் மேல் தீ எழுந்தது. வகுப்பே கத்தியது. ஆசிரியர் விளக்கம் சொல்லத் தொடங்காமல், "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "தடுக்கிறதுக்கு நடுவில் ஒன்றும் இல்லை, டீச்சர்" என்றான். மின்தடை என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினார்.

சின்ன விஷயங்கள் சில. மாலை நான்கு மணிக்கு முடி. எங்கள் பக்கம் போலவே உங்கள் ஊரிலும் கிராமத்துப் பஸ் ஒன்றை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் வரும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல். மின்சாரம் போனாலும் நடத்தக்கூடிய ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்திரு. பாடத் திட்டமிடலுக்கு மின்சாரம் தேவையில்லை.

நான் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளையும், அந்தச் சீட்டின் மாதிரியையும் ஒரு பென் டிரைவில் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் தம்பி ராமநாதபுரத்திலிருந்து மதுரை வழியாக உங்கள் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடும் வருகிறது. ஆனால் மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மறைத்து வை. பயிற்சித் தேதி முடிவானதும் எழுது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை என்றால் நானும் வந்து உன் பின்வரிசையில் உட்காருகிறேன். அதற்கு முன்னால் உன் ஆசிரியர்கள் அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி