பொழுதுபோக்குப் பேச்சு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கால முன்னெச்சரிக்கை பற்றிய தங்கள் கட்டுரையில், 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர்–சென்னை விரைவு ரயிலுக்கு ஒரே வரிதான்: முன்பின் அறியாத பயணிகள் கதை பேசிப் பொழுதைக் கழித்தார்களாம். அந்தப் பேச்சைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. ரயிலில் சுமார் 800 பேர். 300 பேர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக, மற்றவர்கள் நிலையத்திலேயே தங்கிவிட்டார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் விழுந்தது 19ஆம் தேதிதான்.

இப்படி மாட்டிக்கொண்ட இடத்தில், பெட்டி வாசலில் நின்று "சர்க்கரை வியாதிக்காரங்க யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினால் ஒரு கையும் உயராது. "எந்த ஊரு? யாரு வீட்டுக்குப் போறீங்க?" என்று ஆரம்பித்தால், மகள் வீட்டுக் கதையோடு இன்சுலினும் வெளியே வரும். தூங்கும் வசதிப் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை. அந்த எட்டுப் பேரே ஒரு குழு. பெயர், ஊர், அங்கே காத்திருப்பவர், மருந்து, தெரிந்த வேலை இத்தனையும் அரைமணிப் பேச்சில் கிடைத்துவிடும். செவிலியரும் சமையல்காரரும் பெரும்பாலும் இப்படித்தான் அகப்படுவார்கள். மாதவிலக்கு, தாய்ப்பால் போன்றவற்றைப் பெண்கள் பெண்களிடம்தான் சொல்வார்கள். அதற்குத் தனி வட்டம் வேண்டும்.

இன்சுலினைப் பற்றி ஒரு தவறான பயம் உண்டு. திறந்து பயன்படுத்தும் குப்பி, வெயில் படாமல் 30 டிகிரிக்குள் இருந்தால், குளிர்பெட்டி இல்லாவிட்டாலும் சில வாரம் தாங்கும். ஆபத்து வேறு இடத்தில். வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பாடு வராமல் போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும்.

குடிக்கவும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர். 800 பேருக்கு 2,400 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 120. பெட்டித் தொட்டியில் இருப்பது குடிநீர் அல்ல, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசி, கோபுரம் செயலிழந்தால் சிக்னல் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். குழுவுக்கு ஒன்று மட்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் திறந்தால் போதும். எட்டு வீட்டுக்கும் சேதி அதிலேயே போகட்டும். (வாட்ஸ்அப் வதந்தி பாதி குறைவது கூடுதல் லாபம்.)

பேச்சே கெடுதலாவதும் உண்டு. பயந்தவரை "என்ன பார்த்தே, சொல்லு சொல்லு" என்று துருவக் கூடாது. அதிர்ச்சியை உடனே கொட்டவைத்தால் ஆறும் என்ற பழைய எண்ணத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை; உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவராகச் சொன்னால் கேட்கலாம், சும்மா இருந்தால் விட்டுவிடலாம். வெள்ளத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பவரிடம் தண்ணீர் பங்கிடும் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது. குழந்தைகளுக்குக் கதை சொல்வதைவிட, அவர்களைச் சொல்லவிட்டால் நேரம் நன்றாக நகரும்.

அதிகம் சொதப்புவது கூட்டம் இரண்டாகப் பிரியும்போதுதான். யார் போனார், யார் இருக்கிறார் என்பது அதுவரை எல்லார் நினைவிலும் இருக்கும், காகிதத்தில் இருக்காது. ஆகவே பேச்சில் கிடைத்ததைக் குழுவில் ஒருவர் இரண்டு பிரதி எழுத வேண்டும். கிளம்புகிறவர்களோடு ஒன்று, நிலைய அதிகாரியிடம் ஒன்று. பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனா எழுத்து நனைந்தால் கரைந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை