கூலிப் புத்தகத்தில் இல்லாத 22 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

குறைந்தபட்சச் சம்பளம் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் வாசித்து வருகிறேன். இலங்கையில் இதற்காக 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபாய், நாளுக்கு 400 ரூபாய். 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது. 2026 ஜனவரி முதல் 30,000, நாட்கூலி 1,200. சரி, நல்ல விசயம். ஆனால் அந்த 1,200 ரூபாய் யாருக்குச் சேரும் என்பது முதலாளியின் மேசை லாச்சிக்குள் கிடக்கும் கூலிப் புத்தகத்தைப் பொறுத்தது. அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலை ஒன்றில் அந்தப் புத்தகத்தை 19 வருடம் எழுதியவன் நான்.

புத்தகம் என்று சொன்னாலும் இருந்தது இரண்டு. ஒன்றில் ஏழு பேர்: மெசின்காரர், லொறிச் சாரதி, காவலாளி, நான், இன்னும் மூவர். எங்களுக்கு ஈ.பி.எஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக்குக் காசு போனது. மற்றது சாதாரணக் கொப்பி. அதில் 22 பெண்கள், கூலி மூடைக் கணக்கில். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, வெயிலில் வரிசையாக நடந்து காலால் கிளறிக் காயவைப்பவர்கள் இவர்கள்தான். மத்தியானத்தில் அந்தக் களத்தில் நம்மால் செருப்பில்லாமல் நாலடி வைக்க முடியாது. மழைக்குணம் கண்டால் எல்லோரும் ஓடிப்போய் நெல்லைக் கூட்டிப் படங்கு இழுத்து மூட வேண்டும். மூடிய பிறகு மழை விடாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நெல் நனைந்தால் ஏச்சும் அவர்களுக்குத்தான்.

தொழில் உத்தியோகத்தர் வருகிறார் என்று தெரிந்தால் "இன்றைக்குக் களம் இல்லை, நாளைக்கு வாங்க" என்று அந்தப் பெண்களை அனுப்பிவிடுவோம். அப்படிச் சொல்லி அனுப்பியது பெரும்பாலும் நான்தான். உத்தியோகத்தர் ஏழு பெயரைப் பார்த்து, தேநீர் குடித்து, கையெழுத்துப் போட்டுப் போவார்.

நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும்போது, அந்த 22 பேரில் ஒருவர் தேடி வந்தார். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, 50 வயதானதும் ஈ.பி.எஃப் காசை எடுத்து வீட்டுக்குக் குசினி கட்டியிருக்கிறார். இவருக்கும் 50 ஆகிவிட்டது. களத்தில் நின்றது 14 வருடம். "அண்ணன், மறுகா எண்ட காசு எங்க கிடக்கு?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்கத் தந்தேன், பதில் சொல்லத் தெரியவில்லை.

"கெசுவல் ஆட்களுக்கு ஈ.பி.எஃப் இல்லை" என்று எங்கள் பக்கத்தில் முதலாளிமாரும் சொல்கிறார்கள், வேலை செய்பவர்களும் நம்புகிறார்கள். நானும் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன். 1958 இல் வந்த சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ மூடைக்கூலியோ, வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். 1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.ரி.எஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அது முழுக்க முதலாளியின் தலையில். புத்தகத்தை ஏழு பேரோடு நிறுத்துவதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பது 1983 ஆம் ஆண்டுச் சட்டம். ஏழு என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கமும் அடைபட்டுவிடும். கணக்கு எழுதுபவனுக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

இன்றைய கூலியில் ஒரு பெண் மாதம் 20 நாள் வேலை செய்தால் 24,000 ரூபாய். ஈ.பி.எஃப் மட்டும் 4,800, அதோடு ஈ.ரி.எஃப் 720. முதலாளியின் பங்கு 3,600. அதே பெண்ணின் குடும்பம் வறிய பிரிவில் இருந்தால் அரசாங்கம் அஸ்வெசும என்ற நலன்புரி உதவித் திட்டத்தில் மாதம் 10,000 கொடுக்கிறது. அவர் கிழவியானதும் தாங்கப்போவதும் அரசாங்கம்தான். ஆலையில் மிச்சம் பிடித்த காசைத் திறைசேரி கட்டுகிறது என்று நான் சொன்னால் பிழையா?

இதில்தான் எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் "தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள்" என்றேன். அவர் பயந்தது முதலாளிக்கு அல்ல. "பேர் பதிஞ்சா அஸ்வெசும வெட்டுப்பட்டுப் போகும்" என்றார். களத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் கதைக்கிறார்களாம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு வகைக் குறிகாட்டிகளைப் பார்த்துத்தான் அஸ்வெசுமவுக்குக் குடும்பங்களைத் தெரிவுசெய்கிறார்கள். ஈ.பி.எஃப் இலக்கம் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று ஊரில் யாரும் இவர்களுக்கு விளங்கப்படுத்தவில்லை. ஆகவே வேலை செய்ததற்கான அத்தாட்சியை வேலை செய்தவரே மறைக்கிறார். முதலாளிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தொழில் அமைச்சு ஒரு பக்கம் கயிறு இழுக்கிறது, அஸ்வெசும கொடுக்கும் நலன்புரி நன்மைகள் சபை மறுபக்கம் இழுக்கிறது. ஈ.பி.எஃப் பதிந்த காரணத்துக்காக மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு, இரண்டு வருடம் என்றாவது, ஒரு குடும்பத்தின் உதவியை நிறுத்த மாட்டோம் என்று தெளிவாக எழுதி, கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் தமிழில் ஒட்டினால் போதும். பாதிப் பேராவது வாய் திறப்பார்கள். எங்கள் ஊர்களில் போகத்துக்கு ஒரு வருமானம், மழைக்கு ஒரு வருமானம். பெரும்போக நெல் வரும் மாசி, பங்குனியில் கையில் காசு இருக்கும். கார்த்திகை, மார்கழியில் களமே ஈரம். கணக்கெடுக்க வருபவர் எந்த மாதத்தில் வருகிறார் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் ஏழையாவதும் ஏழையில்லாமல் போவதும் நியாயமில்லை.

முதலாளிமாரைக் கள்வர் என்று சொல்ல வரவில்லை. என் முதலாளி கடன்பட்டுத்தான் நெல் வாங்கினார். அரிசி விலையைத் தீர்மானிப்பது பொலன்னறுவைப் பெரிய ஆலைகள். 22 பேருக்கும் ஒழுங்காகக் கட்டும் ஆலைக்காரர், கட்டாத பக்கத்து ஆலைக்காரரோடு சந்தையில் எப்படி நிற்பார்? அதனால்தான் ஓர் ஆலையை மட்டும் பிடிப்பதில் பிரயோசனம் இல்லை என்கிறேன். அறுவடைக் காலத்தில், முன்னறிவித்தல் இல்லாமல், சம்மாந்துறையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரே கிழமையில் எல்லா ஆலைகளுக்கும் போகட்டும். அலுவலக அறைக்குள் போகாமல் முதலில் களத்துக்குப் போய்த் தலையை எண்ணட்டும். நெல் சந்தைப்படுத்தல் சபை தன் நெல்லைக் குற்றக் கொடுக்கும் ஆலைகளிடம் ஈ.பி.எஃப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கட்டும். அரசாங்க நெல்லைக் குற்றுபவர் அரசாங்கச் சட்டத்தை மதிப்பது பெரிய காரியம் இல்லையே.

கட்டாமல் விட்ட காலத்துக்குத் தொழிலாளியின் 8 வீதத்தையும் முதலாளியே சேர்த்துக் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. சட்டத்தில் பல் இருக்கிறது. ஆனால் அந்த 14 வருடமும் வேலை செய்ததை யார் காட்டுவது? பதிவு வைக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது, தொழில் அலுவலகத்தில் "கடிதம் ஏதும் இருக்கா?" என்று கேட்பதோ தொழிலாளியிடம்.

அவரிடம் கடிதம் இல்லை. என்னிடம் பழைய கொப்பிகளில் மூன்று கிடந்தன, கறையான் அரித்தது போக. எந்தத் திகதியில் எத்தனை மூடை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அவற்றைப் பிரதி எடுத்துக் கொடுத்து, இது நான் எழுதியது, தேவைப்பட்டால் வந்து சாட்சி சொல்கிறேன் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற 21 பேரில் சிலருடைய பெயர்களும் அதே பக்கங்களில் இருக்கின்றன. அவர்கள் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கப்பிள்ளை,
களுவாஞ்சிகுடி.